ஏணிக்காரரை நாற்காலியோடு கட்டிப்போட்டது தொடர்பாக

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற காவலாளி,
தையல் கடைக்கு மேல் மாடி வீடு.
(தெருவில் யாரிடமும் "விசில்காரர் வீடு எது?" என்று கேட்டால் காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
நகர மீட்புப் பணி நிலையம்.

பொருள்: தங்கள் நிலையத்தில் ஏணி ஏறும் பணியாளர் என் வீட்டுக்குள் வந்தபோது அவரைத் திருடன் என்று எண்ணி நான் கட்டிப்போட்டது – அதற்காக அவரை ஏணியிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு அனுப்ப இருப்பது – அது நியாயம் இல்லை என்பது – என் மனைவி நலமாக இருப்பது – ஆகியவை தொடர்பாக.

பார்வை: அவரிடம் விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகம் கொடுத்த குறிப்பாணை. (நான் கண்ணால் பார்க்கவில்லை. அவர் சொல்லக் கேட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். அண்மைக்காலம் வரை எழுத்தும் நானும் ஒரே தெருவில் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தோம். இப்போது நூலகத்தில் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுவருகிறேன். ஓர் அலுவலருக்கு நானே எழுதும் முதல் மனு இது. வேறு யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. 'மதிப்பிற்குரிய' என்ற ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போனது. ஆறினால் ஆறட்டும் என்று அதை இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, "திங்கக்கிழமை விசாரணை. நீங்க போற வேகத்துக்கு அந்தத் தம்பி ரிட்டயரே ஆயிடுவார்" என்கிறாள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

2. இரவெல்லாம் விழித்துப் பழகிய உடம்பு என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தூக்கம் பகலில்தான் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒரு சங்கிலி போட்டு, ஒரு முக்காலியையும் முட்டுக்கொடுத்து வைப்பேன். அழைப்பு மணிக்குள் பழைய துணியை அடைத்துவிடுவேன். காவல் வேலையில் ஊறியவன் வீடு இப்படித்தான் இருக்கும். மனைவி இதை ஜெயில் என்பாள். நான் முன்னெச்சரிக்கை என்பேன்.

3. சம்பவ நாளன்று மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மனைவி குளியலறையில் துணி அலசப் போனாள். குழாயின் திருகு கழன்று கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. வெளியே வரலாம் என்று தாழ்ப்பாளை இழுத்தால் அது ஊறிப்போய் அசையவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், கதவைத் தட்டியிருக்கிறாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேளம் போல அடித்தும் பார்த்திருக்கிறாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், எங்கே போனாலும் கைப்பேசியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறவள் என்பதால் தங்கள் அவசர எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். அதற்காக முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் ஆட்கள் உடனே வந்தார்கள்.

4. ஆனால் அந்தத் தொலைபேசியில் அவள் சேர்த்துச் சொன்ன இன்னொன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். "என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கறார். அவரை மட்டும் எழுப்பிடாதீங்க தம்பி. பாதித் தூக்கத்துல எழுப்பினா ராத்திரி வரைக்கும் சிடுசிடுன்னு இருப்பார், என்னால முடியாது" என்று சொல்லியிருக்கிறாள். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு, என்னை எழுப்ப வாளியை அடித்து முடித்த கையோடு, இதைச் சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "நான் எழுப்பினா நான் சமாளிப்பேன். அந்தத் தம்பி எதுக்கு உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கணும்?" என்றாள்.

5. தங்கள் ஏணிக்காரர் வாசலில் தட்டிப் பார்த்து, மணியை அமுக்கிப் பார்த்து, பிறகு பால்கனிக்கு ஏணி போட்டு ஏறியிருக்கிறார். வண்டி ஓட்டுநர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே வந்தவர், வீட்டுத் தரை அழுக்காகக் கூடாதென்று பூட்ஸைப் பால்கனியில் கழற்றி ஓரமாக வைத்தார். தூங்குகிற மனிதரை எழுப்பக் கூடாதென்று குதிகால் தரையில் படாமல் நடந்தார். குளியலறைப் பக்கம் போய்க் கதவோரம் வாயை வைத்து, "அம்மா, நான் வந்துட்டேன், சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தார். அத்தனையும் நல்லெண்ணம். அதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகம் இல்லை.

6. ஆனால் ஐயா, தண்ணீர் ஓடிவந்து கட்டிலுக்குக் கீழே மிதந்த என் செருப்பு சுவரில் இடித்த சத்தத்தில் கண் விழித்த எனக்கு என்ன தெரிந்தது என்பதைத் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். முகத்தை மூடிய ஒரு நெட்டையான ஆள். கையில் உறை. உறை போட்ட கையில் நெம்பும் இரும்புக் கம்பி. காலில் எதுவும் இல்லை. அவர் என் மனைவி இருக்கும் கதவருகே நின்று, சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவரைத் திருடன் என்று நினைக்காதவன் காவல் வேலைக்குச் சம்பளம் வாங்கியிருக்கக் கூடாது.

7. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. ஒருவரும் வரவில்லை என்பதே காரணம். கிடங்கில் இருந்தவை காலி அட்டைப் பெட்டிகள். ஆனாலும் வந்தால் எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வோர் இரவும் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். முதலில் போர்வை, பிறகு கயிறு, பிறகு விசில். அந்த வரிசைப்படியே செய்தேன். போர்வையைப் பின்னாலிருந்து தலையோடு போட்டேன். அவர் தடுமாறிச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தார். துணி காயப்போடும் கயிற்றை உருவி அவரை நாற்காலியோடு சேர்த்துச் சுற்றினேன். சமையலறை ஜன்னலுக்குப் போய் விசில் ஊதினேன். எவ்வளவு காலமாகத் தலையணைக்கடியில் கிடந்த விசில்! அதன் சத்தம் இன்னும் கெடவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. பிறகு விசாரணையைத் தொடங்கினேன். அதில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யார் நீ என்றேன். "ஐயா, நான் மீட்புப் பணிக்காரன். உங்க சம்சாரம் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க" என்றார். என் சம்சாரம் எங்கே இருக்கிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அவங்களே போன்ல சொன்னாங்க. நீங்க மத்தியானம் தூங்குவீங்கன்னும் சொன்னாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எப்போது தூங்குவேன் என்பதுவரை வேவு பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "எழுப்பினா சிடுசிடுன்னு இருப்பீங்கன்னும்..." என்று அவர் தொடர்ந்தபோது, இது பெரிய கூட்டம் என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

9. அப்போது குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, அவரை விடுங்க! நான்தான் வரச் சொன்னேன்!" என்றாள். எங்களுக்கு வேலையில் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், கொள்ளைக்காரர்கள் கத்தியைக் காட்டி வீட்டு ஆட்களையே அப்படிச் சொல்லவைப்பார்கள் என்பது. ஆகவே உள்ளே இன்னொருவன் கத்தியோடு இருக்கிறான் என்று புரிந்துகொண்டு, "நீ பயப்படாதே, அவன் சொல்றதையே சொல்லிட்டு இரு, நான் பார்த்துக்கறேன்" என்று தைரியம் சொன்னேன்.

10. அதற்குப் பிறகு அவள் பேசியதை முழுவதும் எழுதினால் இந்தத் தாள் போதாது. என்னை எதற்குக் கட்டிக்கொண்டாள் என்பதில் தொடங்கி, அவள் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளையையே யாரென்று கேட்டு வாசலில் நிறுத்திவைத்தேனே, அதுவரை வந்தாள். "வீட்டுக்கு வர்ற மனுஷன் எல்லாம் உங்க கண்ணுக்குத் திருடன்! தண்ணி ரொம்பி நான் மிதந்து வந்தாலும் என்கிட்ட அடையாள அட்டை கேப்பீங்க!" என்றாள். கழுத்தில் கத்தி இருக்கும் எந்தப் பெண்ணும் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு வரிசையாகத் திட்டமாட்டாள். அப்போதுதான் எனக்கு உண்மை உறைத்தது.

11. உடனே கட்டை அவிழ்க்கப் போனேன். நூல் கயிறு, தரையெல்லாம் தண்ணீர், முடிச்சு ஊறி இறுகிவிட்டது. நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. அந்த நிலையில் தங்கள் பணியாளர் செய்ததைத் தாங்கள் பதிவில் ஏற்ற வேண்டும். "பரவாயில்ல பெரியவரே, என்னை இப்படியே அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். நாற்காலியோடு அவரைக் குளியலறைக் கதவை நோக்கித் திருப்பினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே, முதலில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வை மூடச் சொன்னார். கம்பியைத் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே சொருகச் சொன்னார். "இழுக்காதீங்க, தூக்குங்க. அம்மா, நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க. ஆங், இப்போ தூக்குங்க!" என்றார். கதவு திறந்தது. என் மனைவி வெளியே வந்தாள். கைகால் கட்டப்பட்ட ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றியதை நான் கேள்விப்பட்டதில்லை. தாங்கள் கேள்விப்பட்டிருந்தால் தெரிவிக்கவும்.

12. வெளியே வந்தவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சமையலறைக்குப் போய், கயிற்றை அறுக்கப் பெரிய கத்தியை எடுத்துவந்தாள். அந்த நேரம் பார்த்து, விசில் சத்தம் வந்ததே, மேலே போனவரைக் காணோமே என்று தங்கள் ஓட்டுநர் ஏணி ஏறி எட்டிப் பார்த்தார். அவர் கண்ட காட்சி: நாற்காலியில் கட்டிவைத்த சக ஊழியர், பக்கத்தில் இரும்புக் கம்பியோடு நான், அவர் கழுத்தை நோக்கிக் கத்தியை நீட்டியபடி தலைமுடியில் தண்ணீர் சொட்ட ஒரு பெண்மணி. ஓட்டுநர் ஏணியில் இறங்கினார் என்று சொல்வதைவிட ஏணி பக்கத்தில் இருக்கும்போதே விழுந்தார் என்று சொல்வது சரியாக இருக்கும். நல்லவேளை, கீழே தையல்காரர் காயவைத்திருந்த திரைச்சீலைகள் இருந்தன. ஆள் வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்காரன்தான் தவறாக நினைப்பான் என்பதில்லை, மீட்க வந்தவரும் தவறாக நினைக்கலாம் என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன். ஓட்டுநர் மேல் எனக்குப் புகார் இல்லை.

13. என் விசிலும் ஓட்டுநரின் அலறலும் சேர்ந்து தெருவையே கூட்டிவிட்டன. தையல்காரர் மாடிப்படி ஏறிவந்து, ஏணிக்காரர் கட்டோடு இருந்த கோலத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அந்தப் படம் எல்லோர் கைப்பேசிக்கும் போய், தங்கள் கைப்பேசிக்கும் வந்தது என்று அறிகிறேன். பார்த்துத் தாங்கள் சிரித்திருந்தால் எனக்கு வருத்தம் இல்லை. சிரித்த பிறகு குறிப்பாணை கொடுத்ததுதான் வருத்தம்.

14. அவசரத்தில் எங்கள் பால்கனியில் விட்டுப்போன பூட்ஸை எடுக்க அவர் மறுபடி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த முறை வாசல் வழியாக வந்தார். நான்கு தடவை தட்டி, தன் பெயரும் வேலையும் சொல்லி, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னார். அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டாம். ஒன்று, வீட்டுக்குள் நுழையும்போது மீட்புப் பணி என்று உரக்கச் சொல்லவில்லை. இரண்டு, வயதான ஒரு தனிமனிதரிடம் மாட்டிக் கட்டுப்பட்டதால் ஏணி வேலைக்கு வேண்டிய உடல்வலு அவருக்கு இல்லை. விசாரணை முடிந்தால் கிடங்கில் குழாய் சுருட்டும் வேலையாம். "எனக்கு ஏணியைத் தவிர எதுவும் தெரியாது ஐயா. வீட்டுல இன்னும் சொல்லல" என்றார். என் மனைவி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

15. முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் மேலே நான்காவது பத்தியில் இருக்கிறது. உரக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது என் மனைவி. அதற்குக் காரணம் என் சிடுசிடுப்பு. தண்டிப்பதானால் அதைத்தான் தண்டிக்க வேண்டும். இனிமேல் எந்த வீட்டுப் பெண்மணி எவ்வளவு கெஞ்சினாலும், தூங்குகிறவர் எப்பேர்ப்பட்ட கோபக்காரராக இருந்தாலும், தங்கள் ஆட்கள் கூரை அதிரக் கத்திக்கொண்டே உள்ளே வர வேண்டும் என்று உத்தரவிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். முகமூடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வரலாம். முதுகில் மட்டும் எழுதியிருக்கும் துறையின் பெயரை மார்பிலும் எழுதலாம். என்னைப் போல இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறவர்களும் இருக்கிறோம், ஆகவே பெரிய எழுத்தாக இருக்கட்டும். எங்கள் பங்குக்கு, அழைப்பு மணியிலிருந்து துணியை எடுத்துவிட்டேன். முக்காலியில் இப்போது மனைவி உட்கார்ந்து காய் நறுக்குகிறாள்.

16. இரண்டாவது குற்றச்சாட்டுக்கான பதிலை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. எழுத்து வராமல் இல்லை. செவ்வாய்க்கிழமையே இந்தப் பத்திக்கு வந்துவிட்டேன். வந்து, எண்ணை மட்டும் போட்டுவிட்டு, தையல்காரர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே அவர் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துக்கொண்டே, "இந்த வயசுல ஒத்தை ஆளா ஒரு வாட்டசாட்டமான ஆளை அமுக்கிட்டார் பாருங்க நம்ம விசில்காரர்! அந்தக் கையைப் பாருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். இப்படியே வாரம் முடிந்துவிட்டது.

உண்மை இதுதான் ஐயா. நான் அவரைப் பிடிக்கவில்லை. போர்வையைப் போட்டதும் அவர் ஒரு தோள் அசைத்திருந்தால் நான் சமையலறையில் போய் விழுந்திருப்பேன். தரை முழுவதும் தண்ணீர், என் காலில் செருப்பு இல்லை, கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. போர்வைக்குள் இருந்து அவர் சொன்னது, "பெரியவரே, விழுந்துடப் போறீங்க, மெதுவா கட்டுங்க" என்பது. தானாகவே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, கடைசிச் சுற்று வரும்வரை அவருடைய வலது கை என் முழங்கையைத் தாங்கியபடியே இருந்தது. அந்தக் கையைக் கட்டுவதற்கு நான்தான் அதை விலக்க வேண்டியிருந்தது. இதை என்னையும் அவரையும் தவிர யாரும் அறியார். குளியலறைக்குள் இருந்த என் மனைவிக்கே நேற்றுதான் சொன்னேன்.

உங்கள் விளக்கத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். பூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பெரியவர் திறமையாப் பிடிச்சுட்டார்னுதான் எழுதிக்கொடுத்திருக்கேன். தெருவே உங்களை மெச்சுது. அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். அவருக்கு உடல்வலு இல்லை என்று சொல்லும் தாளில் இதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

17. ஆகவே ஐயா அவர்கள், வருகிற திங்கட்கிழமை விசாரணையில் இரண்டு குற்றச்சாட்டுகளையும் நீக்கி, அவரை ஏணியிலேயே வைத்திருக்கும்படி மிகவும் பணிந்து வேண்டுகிறேன். எங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம், தாழ்ப்பாள்களும் அதிகம். நாளை வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு கிழவன் போர்வையோடு கதவுக்குப் பின்னால் நிற்பான். அவன் விழாமல் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஆள்தான் அங்கே போக வேண்டும்.

18. இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். பதினாறாவது பத்தியைத் தாங்கள் மட்டும் படித்து, முடிந்தால் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன். படம் எடுத்தவர் என்ற முறையில் தையல்காரரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "அந்தப் பத்தி இல்லேன்னா இது மனு இல்ல, வெறும் பீத்தல்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வது சரிதான். அந்தப் பத்தியை எல்லோர் முன்னாலும் படித்தால்தான் அவருக்கு ஏணி கிடைக்கும் என்றால், தாராளமாகப் படியுங்கள். தையல்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் படியுங்கள். நானும் அன்று வந்து பின்னால் நிற்கிறேன். என் கையெழுத்து புரியாமல் எங்கேயாவது தடைப்பட்டால், அந்த இடத்தை நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணியாளருக்குக் கடமைப்பட்ட,
விசில்காரர்
(கையெழுத்து நானே போட்டது. பெருவிரல் ரேகை தேவைப்பட்டால் அதையும் மகிழ்ச்சியுடன் வைக்கத் தயார்.)

இடம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: முந்தின வாரம் சனிக்கிழமை தொடங்கி, இந்தச் சனிக்கிழமை முடித்தது